பெருச்சாளி வீடு

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்ததே, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு வெளிநாட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மேட்டுச் சரிவைக் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். கூரைமேல் புல் முளைத்திருக்கிறது. அதில் ஆட்டுக்குட்டி மேய்கிறது. உள்ளே ஃபேனும் இல்லை, ஏசியும் இல்லை, ஆனாலும் அந்த அம்மாள் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறாள். அதற்கு நீங்கள் போட்ட கைதட்டல் பொம்மைகளைத் தள்ளித் தள்ளி என் விரல் வலித்துவிட்டது. "இயற்கையோடு வாழ்வது என்றால் இதுதான்" என்று ஒருவர். "நம்ம ஜனங்களுக்கு இந்த அறிவு எப்ப வரும்?" என்று இன்னொருவர். இந்த இரண்டாமவர் ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் சடையை இழுத்தவர்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் வந்தது. நம் ஜனங்களுக்கு அந்த அறிவு எப்போதோ வந்தாயிற்று. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஓடைக்கரையில், என் அம்மாவுக்கு வந்தது. அதற்கு நீங்களெல்லாம் வைத்த பெயர் பெருச்சாளி வீடு. எனக்கு வைத்த பெயர் பெருச்சாளி. மறந்துபோயிருந்தால் இப்போது நான் ஞாபகப்படுத்துகிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் தெரு முழுக்கக் கீற்றுக் கொட்டகைகள். ஒன்றின் தாழ்வாரம் இன்னொன்றின் தாழ்வாரத்தை இடித்துக்கொண்டு நிற்கும். கோடை வந்தால் எங்கள் தெருவுக்குத் தீப் பயம் பிடித்துவிடும். யாரோ ஒருத்தி அடுப்பை அணைக்காமல் தண்ணீருக்குப் போயிருப்பாள், ஒரு பொறி பறக்கும், அவ்வளவுதான். ஒருமுறை எரிந்தது, ஊரே சேர்ந்து கீற்று கொடுத்தது, மறுபடி கட்டினோம். மறுபடி எரிந்தது. இரண்டாவது தடவை என் புத்தகப் பையும், அக்காவின் தாவணியும், அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மரப்பெட்டியும் போயின. எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது அம்மா அழவில்லை. சாம்பலில் கிடந்த ஈயக் குண்டானைக் குச்சியால் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எரியறதுக்கு ஒண்ணும் இல்லாத வூடா ஒண்ணு வேணும்" என்றாள்.

"மாடி வூடு கட்டற மூஞ்சப் பாரு" என்றார் அப்பா. அவர் லாரியில் கல் ஏற்றப் போகிறவர். அன்று லாரியிலிருந்து இறங்கி அப்படியே ஓடிவந்திருந்தார்.

"மேல கட்டுனாத்தான் வூடா?"

அம்மா சுண்ணாம்புக் கல்லை வேக வைக்கிற காளவாயில் வேலை செய்தாள். காளவாய்க்காரர்கள் கல் எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளம் ஒன்று ஓடைக்கரையில் கிடந்தது. ஒரு பக்கம் ஓடையைப் பார்த்துத் திறந்திருக்கும். மறுபக்கம் செங்குத்தாக வெள்ளைப் பாறை. வெட்டும்போது மிருதுவாக வரும், காற்றுப் பட்டால் இறுகிவிடும் பாறை அது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேலைக்காரப் பெண்கள் அந்தப் பாறையடியில் கல் எடுத்த குடைவுக்குள் போய்த்தான் உட்காருவார்கள், அங்கேதான் வெயில் வராது. உட்கார்ந்து எழுந்துபோன எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். குடித்தனம் பண்ணலாம் என்று தோன்றியது அம்மா ஒருத்திக்குத்தான்.

கடப்பாரையும் மம்பட்டியும் காளவாயில் இரவல் வாங்கியவை. அம்மா குத்துவாள், அக்கா அள்ளுவாள், நான் தலையில் சும்மாடு வைத்துச் சட்டியில் சுமந்து ஓடைப் பக்கம் கொட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் வருவார், முணுமுணுத்துக்கொண்டே எங்கள் மூன்று பேர் வேலையையும் ஒருவராகச் செய்துவிட்டுப் போவார். ஒரு பெரிய அறை, அதை ஒட்டி அடுப்படி, ஓரமாக ஆட்டுக்கு ஒரு குடைவு. வெட்டி முடித்ததும் அம்மா உடனே குடிபோகவில்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்படியே விட்டுப் பார்த்தாள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்று குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்து, வாசலில் ஒரு வாய்க்கால் இழுத்தாள். தை பிறந்ததும் பால் காய்ச்சினோம். எட்டிப் பார்க்க வந்த ஊர் ஜனம் மூக்கில் விரலை வைத்தது. "உசுரோட மண்ணுக்குள்ள போயிட்டாளுங்க" என்று ஒரு கிழவர் எங்கள் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டை உங்களுக்கு எப்படிச் சொல்வது? சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு, செருப்பில்லாத காலோடு தத்தித் தத்தி ஓடிவந்து உள்ளே இறங்கினால் முதலில் பாதம் குளிரும், அப்புறம் முழங்கால், அப்புறம் கண். சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். மார்கழியில் அதே சுவர் கதகதப்பாக இருக்கும், ஆடு வந்து அதில் முதுகைத் தேய்க்கும். அடுப்படிக்கு மேலே புகை போக ஓர் ஓட்டை. மழைக்கு அதன்மேல் உடைந்த பானையைக் கவிழ்ப்போம், வெயிலுக்கு எடுத்துவிடுவோம். அந்த ஓட்டை வழியாக உச்சி வெயில் ஒரு வெள்ளித் தட்டு மாதிரி தரையில் விழுந்து மெல்ல நகரும். மேலே மாடு மேய்க்க வந்த ஒருவர், தரையிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனையோடு புகை வருவதைப் பார்த்துவிட்டு மாட்டை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அதையும் கதை கட்டிச் சிரித்தவர்கள்தானே நீங்கள்.

வாசல் மட்டும் தாழ்வு. உயரமாக வெட்டினால் மேலே பிளந்துகொள்ளும் என்று அம்மா தாழ்வாகவே விட்டுவிட்டாள். குனியாமல் ஒருவரும் உள்ளே வர முடியாது. அப்பா கடைசிவரைக்கும் அதைப் பழகவே இல்லை. தினமும் ஒருமுறை தலையை இடித்துக்கொண்டு, தினமும் ஒருமுறை திட்டுவார்.

அப்புறம் சுவரில் இருந்த சுருள் கல். பெரிய அறையின் பின்சுவரை வெட்டும்போது அது தானாக வெளிப்பட்டது. வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடம் அளவு இருக்கும், நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி உள்ளே போகும் வரிகள். சின்னச் சின்னதாகச் சிப்பிகளும் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும். நம் பக்கத்தில் பாறையைத் தோண்டினால் இப்படி வரும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் பொறுக்கியிருப்பீர்கள். என் வீட்டில் அது சுவரிலேயே இருந்தது. தூக்கம் வருகிறவரைக்கும் அந்த வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒருநாள் வகுப்பில் டீச்சர் சிலேட்டில் வீடு வரையச் சொன்னார். நீங்கள் எல்லோரும் ஒரு முக்கோணம், அதற்குக் கீழே ஒரு சதுரம், பக்கத்தில் ஒரு தென்னை மரம் போட்டீர்கள். நான் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே ஓர் ஆடு, கொஞ்சம் புகை. கோட்டுக்குக் கீழே அம்மா, அப்பா, அக்கா, நான். டீச்சர் சிலேட்டை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். "இது என்னடி, சுடுகாட்டுப் படம்? அழிச்சிட்டு ஒழுங்கா வூடு போடு." அழித்தேன். மறுபடி அதே கோட்டைப் போட்டேன், இந்தத் தடவை ஆட்டுக்கு இரண்டு குட்டி சேர்த்து. கையில் அடி விழுந்தது. பெருச்சாளி என்கிற பெயர் அன்றைக்குத்தான் எனக்கு நிலைத்தது, பின் பெஞ்சிலிருந்து வந்தது. அந்த அடிக்கு நான் அழவில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அக்கா கதைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அக்காவைத் திருமானூர்ப் பக்கம் கொடுத்தோம். கொள்ளிடத்துத் தண்ணீர் பாய்கிற ஊர், நெல்லும் கரும்புமாக இருக்கும். மாப்பிள்ளை நல்ல மாதிரி, அவருடைய அம்மாதான் அங்கே எல்லாம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஓடைக்கரைக்கு அழைத்துவந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்து, டவுனில் இருந்த சித்தப்பாவின் ஓட்டு வீட்டில் வைத்துப் பெண்ணைக் காட்டினார். "இது யார் வூடு?" என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. மூன்று முடிச்சும் விழுந்து, மாதங்களும் ஓடி, அக்கா முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்தபோது எங்களைவிட வேகமாக இன்னொரு செய்தி திருமானூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. பெண் வீட்டார் பெருச்சாளி மாதிரி வளைக்குள் இருக்கிறார்கள் என்று. எந்தப் புண்ணியவான் கொண்டுபோய்ச் சேர்த்தாரோ.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வளைகாப்புப் போட்டால் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்புச் சோறு சாப்பிட்டு இலையை எடுத்தபிறகு சம்பந்தியம்மா, எனக்கு அத்தை முறை, கூடத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"எம் மருமவ தலச்சன் புள்ளைய மண்ணுக்குள்ள போய்ப் பெக்கறதா? மண்ணுக்குள்ள போறவங்க யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா? கண்ணுக்குக் கூர தெரியற வூடா இருந்தா கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லன்னா அவ இங்கயே கெடக்கட்டும்."

அம்மா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். "எங்க வூட்ல எது இல்லன்னு சொல்லுங்க. அடுப்பு இருக்கு, பாய் இருக்கு, தண்ணி இருக்கு. எரியறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"வாய் மட்டும் இருக்கு."

அக்கா புது வளையல்களோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கண் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது எவ்வளவு பயமாக இருந்தது என்று அன்று காலையிலேயே என் காதில் சொல்லியிருந்தாள்: அந்த ஊரில் அந்த வருஷம் பிரசவத்தில் ஒரு பெண் செத்துப்போயிருந்தாள், அம்மா பக்கத்தில் இல்லாமல் தானும் செத்துவிடுவோம் என்று அவளுக்கு ஒரு எண்ணம். எனக்குத் தெரிந்ததை நான் யாரிடம் சொல்ல?

"கூர போட்டுடறேங்க சம்பந்தியம்மா" என்று எழுந்து நின்றார் அப்பா. "புள்ள கூரைக்குக் கீழதான் பொறக்கும். நான் வாக்கு குடுக்கறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அப்பாவை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கூரை போட அப்பாவுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. தெருவில் எங்கள் பழைய இடத்தில் வேறு யாரோ கொட்டகை போட்டுவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டுத் தலைமேலேயே, ஆடு மேய்கிற இடத்தில், கீற்றுக் கொட்டகை போடுவது என்று முடிவு செய்தார். வீட்டுக்கு மேல் ஒரு வீடு, கீழே இருப்பதை மறைக்க. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதே இல்லை. புகை ஓட்டைக்குப் பக்கத்தில் பாறை மெலிசு, அங்கே போகாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டால்தானே! கொட்டகைக்குக் கால் நடுவதற்குக் குழி தோண்டினார். அம்மா கீழே குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். பொலபொலவென்று வெள்ளை மண் கொட்டியது, அதன் பின்னாலேயே கடப்பாரையின் முனை உள்ளே எட்டிப் பார்த்தது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். அகப்பைக் காம்பால் அந்த முனையை மேலே தள்ளிவிட்டு, "சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, போய்ச் சொல்லு" என்றாள் என்னிடம். அப்பா கொட்டகையை நாலடி தள்ளிப் போட்டார். அம்மா அதற்கு ஒரு கீற்று எடுத்துக் கொடுக்கவில்லை.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. அக்காவை அழைத்துவர அப்பா போனபோது அத்தையும் கூடவே வந்து இறங்கினார், கண்ணால் பார்த்துவிட்டுப் போவதற்கு. கொட்டகையைச் சுற்றி வந்தார், கீற்றை இழுத்துப் பார்த்தார், திருப்தியாக உள்ளே உட்கார்ந்து மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். மர நிழல் இல்லாத இடம். சுற்றிலும் வெள்ளைப் பாறை, அது வாங்கின வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. அத்தை முந்தானையால் விசிறினார். ரவிக்கை நனைந்தது. தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைப் பார்த்தார்.

"எங்கருந்துடி இந்தத் தண்ணி? ஐஸு மாதிரி இருக்கு."

"கீழருந்து அத்த."

"கீழன்னா?"

கையைப் பிடித்து ஓடைப் பக்கச் சரிவில் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வாசலில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டார். உள்ளே வந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தவர் சுவரில் சுருள் கல்லைப் பார்த்தார். "அய்யோ, பாம்பு!" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். அது அசையவில்லை என்று தெரிந்ததும் பயம் பக்தியாக மாறியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நாகம்மா, தாயே! இத இப்பிடி வெறுஞ்சுவத்துல உட்டு வச்சிருக்கீங்களே, மஞ்சள் வேணாம், குங்குமம் வேணாம்?"

"அது கல்லு நத்தைங்க" என்றாள் அம்மா.

"சாமிய அப்பிடிச் சொல்லாத."

"காளவாயில இந்த மாதிரி எம்புட்டோ போட்டு வேவ வச்சிருக்கேன். எல்லாம் வெந்து சுண்ணாம்பாத்தான் போவுது. நீங்க இப்ப வெத்தலைல தடவி மென்னுக்கிட்டு இருக்கறதும் அந்தச் சாமிதான்."

அத்தை மெல்லுவதை நிறுத்தினார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்கும். ஓடிப்போய் வாசலில் துப்பிவிட்டு வந்தார், இந்தத் தடவையும் தலையை இடித்துக்கொண்டார். பிறகு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று பாயில் சாய்ந்தவர், சாய்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார். மேலே அப்பா கட்டிய கொட்டகையில் அப்பா ஒருத்தர் மட்டும் உட்கார்ந்து காவல் காத்தார். வெயில் தாழ்ந்து, அத்தை குறட்டையை நிறுத்தி எழுந்து, முகம் கழுவிக்கொண்டு சொன்னது இது: "எடம் சிலுசிலுன்னுதான் இருக்கு. ஆனா சாமி இருக்கற எடத்துல பிரசவத் தீட்டு ஆவாது. புள்ள மேலதான் பொறக்கணும்."

காலையில் அந்த இடம் பிணம் கிடக்கிற குழி, மாலையில் அது கோவில். இரண்டுக்கும் அக்காவுக்கு அங்கே இடம் இல்லை. பெரியவர்கள் ஒரு முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுவார்கள் என்பதை நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அத்தை கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அக்கா கொட்டகையில் இருந்தாள். ஏனென்றால் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா கீழே சமைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள், இரவில் மேலேயே அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள், கால் பிடித்துவிட்டாள். ஆனால் "கீழே வா" என்று மட்டும் சொல்லவில்லை. அதை அப்பா வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். அப்பாவோ, அம்மா வந்து கேட்டால் பார்க்கலாம் என்று இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அக்காவின் பாதம் வீங்கியது, கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வெடித்தது. நான் பனையோலை விசிறியால் வீசுவேன், வெந்த காற்றுதான் வரும். "கீழ எப்பிடி இருக்கு?" என்று அக்கா மெதுவாகக் கேட்பாள். தான் வெட்டி அள்ளிய வீட்டைப் பற்றி என்னிடம் விசாரித்தாள். "ஆடு குட்டி போட்டுச்சா?" என்பாள். ஆடு கீழே சில்லென்ற குடைவில் சௌக்கியமாகக் குட்டி போட்டிருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் விசிறியை இன்னும் வேகமாக வீசினேன்.

நான் ரொம்ப நாள் இந்தக் கதையில் அம்மாதான் பெரியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரையே எதிர்த்து நின்றவள் இல்லையா? அன்றைக்கு அக்காவுக்கும் அம்மாவுக்கும் இருந்த வயதைத் தாண்டி வந்தபிறகு பார்க்கிறேன், வீட்டை விட்டுக்கொடுக்காத அம்மா, அந்த நாட்களில் அக்காவைத்தான் வெயிலில் விட்டிருந்தாள். அப்பா செய்ததும் அதையேதான், சம்பந்திக்குப் பயந்து.

வைகாசி பிறந்த சமயம், உச்சிப் பொழுதில் அக்காவுக்கு வலி எடுத்தது. நான் ஓடிப்போய் ஹெல்த் சென்டர் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தேன், அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாறைமேல் ஏறி வந்தார். கொட்டகைக்குள் தலையை நீட்டியவர் உடனே வெளியே எடுத்துக்கொண்டார். "என்ன இது, காளவாய் மாதிரி இருக்கு? வேற எடம் இல்லியா?"

"கீழ இருக்குங்க" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"வாக்கு குடுத்துட்டேங்க" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டே.

"யார வாயத் தொறக்கச் சொன்னாங்க ஒன்னைய அன்னைக்கி?"

"நீ பேசுன பேச்சுக்குத்தான் நான் எறங்கிப்போவ வேண்டியதாச்சு!"

"யாராச்சும் ஒரு முடிவு சொல்லுங்க" என்று நர்ஸம்மா பெட்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "புள்ள ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

அப்போது அக்கா எழுந்தாள். கொட்டகையின் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"ஒங்க ரெண்டு பேரு ரோசத்துக்கும் நடுவுல வேவறது நான்தான். எங்க படுக்கறன்னு என்ன ஒருத்தராச்சும் கேட்டீங்களா? அத்த கேட்டாங்களா? அந்த மண்ண அள்ளுனது நானு. நான் கீழ போறேன். கையப் புடிக்கிறவங்க புடிங்க, இல்லன்னா வெலகுங்க."

நான்தான் போய்ப் பிடித்தேன். அவள் கனம் முழுவதும் என் தோளில் இறங்கியது, நான் தாங்கினேன். பாதி வழியில் அம்மா ஓடிவந்து அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள், அழுதுகொண்டே. தெருவே எரிந்தபோது அழாத அம்மா. வாசலில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானாகக் குனிந்தாள். உள்ளே கால் வைத்ததும் "அப்பாடா" என்றாள். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சுருள் கல்லுக்குக் கீழே பாய் போட்டோம். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் புகை ஓட்டைக்குப் பக்கத்தில் மேலே குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டேன். அப்பா கொட்டகை நிழலில் நிற்காமல் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார். பொழுது சாயும்போது தரைக்குள்ளிருந்து ஒரு குழந்தை அழுதது. என் வயிற்றுக்குக் கீழே இருந்த பாறையிலிருந்தே அது வந்த மாதிரி இருந்தது. பெண் குழந்தை. நர்ஸம்மா வெளியே வந்து கைகழுவிக்கொண்டே, "மொதல்லயே இங்க படுக்க வச்சிருந்தா இம்புட்டுக் களைச்சிருக்க மாட்டா" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அப்பா உள்ளே போனார், பேத்தியைப் பார்த்தார், வெளியே வந்தார். அன்று அவர் தலையை இடித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வீடு இப்போது இல்லை. சிமெண்டுக்காகப் பள்ளத்தைப் பெரிதாக்கியவர்கள் பல வருஷம் கழித்து எங்களை எழுப்பிவிட்டார்கள். மழைக்கு அது கரையவில்லை, வெயிலுக்கு வெடிக்கவில்லை, தீயும் அதை ஒன்றும் செய்யவில்லை. பாறையில் வெடி வைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. சுருள் கல்லும் அதோடு தூளாகி, யாருடைய சுவரிலோ சிமெண்டாக இருக்கிறது. ஒருவேளை உங்கள் வீட்டுச் சுவரில்கூட இருக்கலாம். குரூப்பில் நீங்கள் போடுகிற போட்டோக்களில் பார்த்தேன், எல்லாம் நல்ல பெரிய வீடுகள்.

குழந்தை பிறந்த மறுநாள் காலையோடு முடித்துக்கொள்கிறேன்.

விடிந்ததும் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட வேண்டும். விறகு தீர்ந்திருந்தது. அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு முள் வெட்டக் கிளம்பினாள். மேலே சரசரவென்று சத்தம் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தோம். அப்பா கொட்டகைமேல் ஏறி உட்கார்ந்து கீற்றைப் பிரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல கீத்த எதுக்குப் பிரிக்கிற?" என்றாள் அம்மா.

"வெந்நி போட வேணாமா?" என்றார் அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அம்மா அரிவாளை வைத்துவிட்டு, விழுந்த கீற்றை மிதித்து ஒடித்து என் தலையில் ஏற்றினாள். அந்தக் கொட்டகைக்கு அவள் கை பட்டது அதுதான் முதல் தடவை. கீற்று படபடவென்று எரிந்து, அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. எங்கள் தெருவையே இரண்டு தடவை விழுங்கிய அதே தீதான், இப்போது அடுப்புக்குள் அடங்கி எரிந்தது.

ராத்திரியே செய்தி போய், காலை முதல் பஸ்ஸிலேயே அத்தை வந்துவிட்டார். கையில் சர்க்கரைப் பொட்டலம். பாறைமேல் ஏறி வந்தவர், கொட்டகையின் கம்பங்கள் மட்டும் நட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், தரையிலிருந்து புகை எழும்புவதைப் பார்த்தார்.

"சம்பந்தி, கூர எங்க?"

அப்பா ஏதாவது பூசி மெழுகுவார் என்றுதான் நான் நினைத்தேன். சித்தப்பா வீட்டில் வாயைத் திறக்காதவர், வளைகாப்பில் பயந்துபோய் வாக்குக் கொடுத்தவர்.

"அடுப்புல எரியுது" என்றார் அப்பா. "ஒங்க பேத்தி கீழதான் பொறந்தா. யாரு கேட்டாலும் நான் அப்பிடித்தான் சொல்லப்போறேன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்க. வெந்நி சூடா இருக்கு, காலக் கழுவிக்கிட்டு வாங்க."

அம்மா செம்பில் வெந்நீரைக் கொண்டுவந்து நீட்டினாள். கீழே குழந்தை அழுதது, அக்கா அதட்டாமல் சிரித்தாள், அதுவும் கேட்டது. அத்தை சத்தம் வந்த புகை ஓட்டையைப் பார்த்தார். பிறகு செம்பை வாங்கிக் காலைக் கழுவினார். ஓடைப் பக்கச் சரிவில் இறங்கினார். வாசலுக்கு வந்ததும், யாரும் சொல்லாமலே, நன்றாகக் குனிந்து உள்ளே போனார்.